அப்பா போட்ட ஒரு பிடி உப்பு

என் பொன்னு அப்பாவுக்கு,

இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைதான். அம்மா மாதா கோயில் பூசைக்குப் போயிருக்கிறாள். நான் மணவாளக்குறிச்சியில் பஸ் ஏறி நாகர்கோவில் லேபுக்கு வந்துவிட்டேன். "ஏட்டி, பூசையையும் விட்டுட்டு அதுகளுக்குக் கஞ்சி ஊத்தப் போறியா?" என்று கேட்க நீங்கள் இல்லை. நான் வளர்க்கிற புற்றுநோய் செல்களுக்கு ஞாயிறும் கிடையாது, திருநாளும் கிடையாது. நேரத்துக்குப் புதுத் திரவம் மாற்றவில்லை என்றால் செத்துவிடும். அலுத்துப்போச்சு அப்பா. தூங்கி எழுந்தாலும் அசதி போகமாட்டேன் என்கிறது.

எம்.எஸ்ஸி. ப்ராஜெக்டுக்கு நம்ம கடற்கரைப் பாசியை எடுத்திருக்கிறேன், அதை அவித்த சாறு ஈரல் புற்றுநோய் செல்லைக் கொல்லுமா என்று பார்க்கவேண்டும் என்றேன். கேட்டதும் நீங்களே பாறையில் இறங்கிப் பறித்து வந்தீர்கள். உங்கள் ஈரலிலேயே கட்டி இருப்பது அப்போது யாருக்குத் தெரியும்? நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காயப்போடுங்கள் என்று மட்டும்தான் சொன்னேன். காலமெல்லாம் கருவாடு காயப்போட்ட மனுஷனுக்கு அதற்குமேல் நான் என்ன சொல்ல?

அந்தச் சாறு பட்டதும் செல்கள் மொத்தமும் செத்தன. நீங்கள் படுத்திருந்த ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்து உங்களிடம்தான் முதலில் சொன்னேன்.

"அப்போ எனக்கும் அதைக் குடுப்பாவளா மக்கா?"

"அதுக்கு ரொம்ப வருஷம் ஆவும்ப்பா."

"ஆவட்டு. நம்ம பாசியில்லா, வேல செய்யும்."

பக்கத்துக் கட்டில்காரரைக் கூப்பிட்டு அவரிடமும் சொன்னீர்கள். அடுத்த வாரம் நீங்கள் இல்லை.

அடக்கம் முடிந்து லேபுக்குத் திரும்பினேன். என் ஆராய்ச்சியைப் பார்க்கிற மேடம், நோயில்லாத செல்லிலும் சோதிக்கச் சொன்னார். அதுவும் செத்தது. "கெட்டதும் சாகுது, நல்லதும் சாகுது. இதுல என்னம்மா கலந்திருக்கு?" என்றார். நீங்கள் பாசியை எப்படிக் காயப்போட்டீர்கள் என்று அம்மாவிடம் வந்து கேட்டேன்.

"நீ சொன்னபடிதான் கழுவி நெழல்ல போட்டாரு. மழ வருதில்லா, புள்ளைக்க பாசி புழுத்திரப்பிடாதுன்னு ஒரு பிடி உப்பும் போட்டுப் பெரட்டுனாரு."

எனக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. கருவாட்டு யாவாரி புத்தி எங்கே போகும்! பிறகு அழுதேன், அம்மா பயந்துபோகிற அளவுக்கு. செல்களைக் கொன்றது பாசி இல்லை அப்பா, உப்பு. அவ்வளவு உப்பில் எந்தச் செல்லும் பிழைக்காது. நீங்கள் இருக்கும்போதே இது தெரிந்திருந்தால் உங்களிடம் சொல்லியிருப்பேனா?

திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினேன். கடல் வற்றிய நேரம் பார்த்து அம்மாவும் நானும் பாசி பறித்தோம். கழுவி விரித்ததும் அம்மாவின் கை தானாக உப்புப் பானைக்குப் போனது. "எம்மா!" என்று கத்தினேன். "பழக்கதோஷம்டி" என்றாள்.

புதுச் சாற்றின் முடிவை இப்போதுதான் பார்த்தேன். செல்கள் எல்லாம் உயிரோடு, கொழுகொழுவென்று இருக்கின்றன. நம்ம பாசி ஒன்றையும் கொல்லவில்லை. மேடத்துக்குப் போன் போட்டேன். "ஒண்ணும் நடக்கலைங்கறதும் முடிவுதாம்மா. மொதல்ல தப்பானதையும் சேர்த்து எழுது" என்றார். இத்தனை மாதம் நின்று நின்று கால் கடுத்தது இதற்குத்தானா?

எழுதுவேன் அப்பா. எதையும் மறைக்காமல் எழுதி முடிப்பேன். 'முதல் மாதிரி உப்பிட்டு உலர்த்தப்பட்டது' என்று ஒரு வரி வரும். யார் உப்பிட்டது, எதற்கு உப்பிட்டது என்று அங்கே எழுத இடமில்லை. எல்லோருக்கும் சரியான முடிவைச் சொல்லிவிடுவேன். இந்தக் கடிதத்தை உங்கள் கல்லறையில் வந்து வாசிக்க மாட்டேன்; உங்களிடம் கட்டிலருகே சொன்னதை மட்டும் திருத்தப் போவதில்லை. அது உங்களிடமே இருக்கட்டும்.

நீங்கள் கருவாடு விற்றுப் படிக்கவைத்த மகள்,
ஜெனிட்டா