காற்றுக்கு எதிரே பறந்த கொடி

செவ்வாய், இரவு.

பெங்களூரில் கையால் அச்சடிக்கும் பாய்மரக் கப்பல் புத்தகத்துக்கு நான் மரக்கட்டையில் செதுக்கிய கடைசித் தோணிப் படம் இன்று முடிந்தது. அந்த மரக்கட்டையோடு மூன்று வாரம் மல்லுக்கட்டினேன். நாளைக் காலை மாரிகுப்பம் ரயிலில் பெங்களூருக்குக் கொண்டுபோக வேண்டும். மாதிரி அச்சு எடுத்து என் கணவரிடம் காட்டினேன். அவர் ஃபேக்டரியில் ஃபிட்டர், கடலையே பார்த்ததில்லை. டீ குடித்துக்கொண்டே கேட்டார்: "இன்னாம்மா, பாய் முன்னால உப்பிக்கினு கீது, கொடி பின்னால பறக்குது. காத்து எந்தப் பக்கம் அடிக்குது?"

செதுக்கிய மரத்தை மறுபடி ஒட்ட முடியாது. கொடியை முழுசாகச் செதுக்கி எடுத்துவிட்டு, இன்னொரு அச்சு எடுத்தேன். படம் முன்பைவிட நன்றாக இருக்கிறது. அதுதான் தாங்கவில்லை.

"இப்ப சரியா கீது" என்று அவர் வேறு சொன்னார். நான் சாப்பிடாமல் படுக்கிறேன்.