மணி அடித்தால் நிற்கும் படை

2-2-1987, திங்கள்

"சார், சிலுவையும் கத்தியும் ஒரே ஆளுகிட்ட இருந்தா, அவன் எதுக்குங்க சார் அடங்குவான்?"

எட்டாம் வகுப்பில் சாலம்மாள் கேட்ட கேள்வி. சிலுவைப் போர் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அதற்குள் மணி அடித்துவிட்டது. "நாளைக்குச் சொல்றேன்" என்றேன். மறுநாள் ஆண்டாய்வு, அதற்கடுத்து விடுமுறை. இன்று நான் ஓய்வு பெற்ற வாத்தியார். அவளுக்குப் பேரப்பிள்ளையே இருக்கலாம்.

இன்று கிறிஸ்துமஸ் குடிலைக் கலைத்தபோது அந்தக் கேள்வி திரும்ப வந்தது. எங்கள் மகள் தெரசா ஜெர்மனியில் நர்ஸ். ஏரோது ராஜாவின் சேவகர்கள் என்று நினைத்து, குடிலில் வைக்க ஒரு பெட்டி ஈயப் பொம்மைகள் அனுப்பியிருந்தாள். பாதிப் பேர் நெஞ்சில் சிலுவை போட்ட கவச வீரர்கள். மீதிப் பேர் முகமே இல்லாத இரும்பு ஆட்கள். நாங்களும் மாட்டுக்கொட்டிலைச் சுற்றி நிறுத்திவிட்டோம். குடிலை மந்திரிக்க வந்த பங்குச் சாமியார்தான் குனிந்து பார்த்து, "சார், இவங்க கையில இருக்கறது ஈட்டி இல்லியே, ராக்கெட் மாதிரி இருக்குதே?" என்றார்.

பெட்டி மூடியை இன்றுதான் சரியாகப் பார்த்தேன். கறுத்த வானம், இரண்டு நிலா, பறந்து போகும் ஒரு கோயில். இது போர் விளையாட்டு! வருங்காலத்துச் சண்டை! விதிப் புத்தகம் முழுக்க ஜெர்மன். ஓர் எழுத்து புரியவில்லை.

நானே விதி எழுதினால் என்ன?

5-2-1987

மூன்று சார்ட் பேப்பரை ஒட்டி ஓர் உலகம் வரைந்துவிட்டேன். ஆண்டு 2987. கிரகத்துக்கு இன்னும் பெயர் இல்லை. நடுவில் ஓர் ஆறு. ஒகேனக்கல் மாதிரி பாறையில் விழுந்து பிரிகிறது. வானத்தில் பறக்கும் வீரர்களானாலும் அந்த ஆற்றைப் பரிசலில்தான் கடக்க வேண்டும், வழியில் சுழல் கட்டமும் உண்டு. அது என் பிடிவாதம். இக்கரையில் சிலுவை வீரர்களான தூய மிக்கேல் அணியின் கோட்டை, அக்கரையில் இரும்பு ஆட்களின் பாசறை. எதிரியின் கொடியை எடுப்பவர் ஜெயித்தவர். நகர்த்துவதற்குத் தாயக்கட்டை.

என் மனைவி லூர்து மேரி எட்டிப் பார்த்து, "ஏங்க, சோறு தின்ற மேசை அது" என்றாள்.

6-2-1987

வெறும் சண்டை என்றால் சாலம்மாளுக்குப் பதில் கிடைக்காது. வீரர்கள் எதற்காவது அடங்க வேண்டும். மிக்கேல் அணிக்கு இரண்டு வார்த்தைப்பாடு, அதாவது சத்தியம், வைத்தேன். ஒன்று: ஆறு மணிக்குக் கோயிலில் செபமணி அடித்ததும் அவர்கள் நிற்க வேண்டும், எதிரி கூடுதலாக ஓர் உருட்டு ஆடி முடிக்கும்வரை அசையக்கூடாது. இரண்டு: எதிரி கேட்டால் உண்மையைத்தான் சொல்ல வேண்டும்.

கோயில் மணி என்றால் நிஜ மணி. எங்கள் தெருக்கோடியில் அடிப்பது. அதை நினைத்தாலே கை பரபரக்கிறது.

இதனால் படை பலவீனப்படாதா? சைக்கிளைப் பார். பிரேக் வேகத்தைக் குறைக்கத்தான் இருக்கிறது. ஆனால் பிரேக் இல்லாத சைக்கிளில் எவன் தொப்பூர் இறக்கத்தில் இறங்குவான்?

15-2-1987, ஞாயிறு

தீர்த்தகிரி மாஸ்டர் வந்தார். என்னோடு ஒரே பள்ளியில் டிரில் மாஸ்டராக இருந்தவர். இன்னமும் சட்டைப் பையில் விசில். இரும்பு ஆட்களைத் தாமே எடுத்துக்கொண்டார். "உங்க ஆளுங்க ஜெபம் பண்ணட்டும், நம்ம பசங்க டிரில் பண்ணட்டும்."

நாலு மணிக்குத் தொடங்கினோம். ஆறடித்தது. என் வீரர்கள் நின்றார்கள். அவர் சிரித்துக்கொண்டே பரிசலில் வந்து கொடியை எடுத்துக்கொண்டு போனார்.

8-3-1987, ஞாயிறு

இரண்டாவது ஆட்டம். அதே கதை. ஐந்தரை மணியிலிருந்து மனிதர் ஆடவே இல்லை. கட்டையை உருட்டாமல் தம் முறையை விட்டுவிட்டு, கோயில் பக்கம் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மாஸ்டர், இது நியாயமா?"

"விதி எழுதுனது யாருங்க சார்? நானா?"

20-3-1987

சாமியார் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு மகிழ்ந்துபோனார். உயிர்ப்பு ஞாயிறுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, மறுநாள் இளைஞர் மன்றத்தில் பந்தல் போட்டு ஆடலாம் என்கிறார். எங்கள் விளையாட்டு! பந்தலில்!

மாஸ்டருக்கு ஒரு குறை. "சார், கோவிச்சுக்காதீங்க. எந்நேரமும் தோக்கற கட்சிய எந்தப் பையன் எடுப்பான்? அந்த மணி விதிய எடுத்துருங்க."

எடுத்துவிட்டால் அவர்கள் வேறு நிறம் பூசிய இரும்பு ஆட்கள்தானே? வாதாடினேன். கடைசியில் ஒப்பந்தம்: இன்னும் ஓர் ஆட்டம். நான் தோற்றால் வார்த்தைப்பாடுகள் இரண்டும் போகும்.

12-4-1987, குருத்து ஞாயிறு

மாஸ்டர் வருடப்பிறப்புக்கு மகள் வீட்டுக்குப் போகிறார். வெள்ளிக்கிழமைதான் திரும்புவார். திங்கள் பந்தல். ஆக, ஆடச் சனிக்கிழமை ஒன்றுதான் மிச்சம், உயிர்ப்புக்கு முந்தின நாள்.

"பெரிய சனிக்கிழமையுமா?" என்றாள் லூர்து மேரி. தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டேன்.

18-4-1987, பெரிய சனி

நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

நாலு மணிக்கு ஆரம்பித்தோம். இம்முறை நான் கோட்டையில் ஒடுங்கவில்லை. இரண்டு பரிசலில் ஆட்களை மேல்பக்கமாகக் கடத்தி, பாறைக்குப் பின்னால் வைத்தேன். மாஸ்டர் கவனித்தும் கவலைப்படவில்லை. தம் படை முழுவதையும் கரையில் குவித்துவிட்டு மணிக்குக் காத்திருந்தார். பாசறையில் காவலுக்கு ஓர் ஆள்கூட இல்லை. அவர் ஓர் ஆட்டத்தை உருட்டாமல் விட்டார். நான் நெருங்கினேன். இன்னோர் ஆட்டத்தை விட்டார். மேலும் நெருங்கினேன். ஆனாலும் ஆறடித்தால் நான் நிற்பேன். அவர் என் கொடியை எடுப்பார்.

அப்போது அடுப்படியிலிருந்து லூர்து மேரி: "ஏங்க, ராத்திரிப் பூசையிலதான் மணி அடிப்பாங்க. அதுக்குள்ள ஆட்டத்த முடிச்சிட்டுக் குளிங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மணி! பெரிய வியாழன் பூசையில் 'உன்னதங்களிலே' பாடும்போது அடித்த மணி, அதோடு ஊமை. ஆண்டவர் கல்லறையில் இருக்கும்வரை எங்கள் கோயிலில் மணி அடிக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை முழுக்க மணிக்குப் பதில் தட்டிய மரக்கட்டைச் சத்தத்தின் பின்னால் நடந்தவன் நான், எப்படி மறந்தேன்?

மாஸ்டர் காதில் அது விழவில்லை. சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஓர் ஆட்டத்தை அவர் விட்டால் போதும். ஜெயம்! அறுபது தாண்டியவனுக்கு நெஞ்சு இப்படியா அடிக்கும்?

அவர் திரும்பினார். "என்னா சார், மணிய இன்னும் காணோம்? கோயில்பிள்ளை தூங்கிட்டாரா?"

கேட்டது எதிரியா, சிநேகிதரா? விளையாட்டில் கேட்டாரா, சும்மா கேட்டாரா? சும்மா கேட்டதற்கு வார்த்தைப்பாடு உண்டா? — இப்படியெல்லாம் ஒரு விநாடிக்குள் வாதம் செய்தேன். வெட்கம்தான். என் கண் அந்தச் சின்ன ஈய முகங்களில் விழுந்தது.

"மாஸ்டர், இன்னைக்கு மணி அடிக்காது. ராத்திரிதான். நானே மறந்துட்டேன். நீங்க இப்பவே ஆடிக்கங்க."

அவர் பலகையைப் பார்த்தார். தம் காலிப் பாசறையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அப்ப நான் இவ்வளவு நேரம் கிறுக்கனாட்டம் காத்துக் கெடந்தனா?"

"ஆமாங்க."

"சொல்லாம இருந்திருந்தா அடுத்த ஆட்டத்துல ஜெயிச்சிருப்பீங்களே?"

"ஆமாங்க."

கட்டையை எடுத்தார். உருட்டவில்லை. கடிகாரத்தில் ஆறு தாண்டிவிட்டது. சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து, பள்ளி மைதானத்துக்கே கேட்கிற மாதிரி ஊதினார்! லூர்து மேரி கரண்டியோடு ஓடிவந்தாள். "அய்யோ, என்னங்க ஆச்சு?"

"மணி அடிச்சாச்சுங்கம்மா" என்றார் மாஸ்டர். "சார், உங்க ஆளுங்கள நிறுத்துங்க."

நிறுத்தினேன். இனி அவர் ஆட்டம். தோற்றேன் என்று நினைத்தேன். அவர் கட்டையை மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"ஆடுங்க மாஸ்டர்."

"எப்புடிங்க ஆடறது? விசில் ஊதுனா நம்ம பசங்களும் நிப்பாங்க. கிரவுண்டுப் பழக்கம்."

இரண்டு படையும் அப்படியே நின்றது. பிறகு லூர்து மேரி, "பெரிய மனுசங்க ரெண்டு பேரும் நின்னது போதும், டீ ஆறுது" என்றாள்.

வாசலில் செருப்பு மாட்டும்போது மாஸ்டர் சொன்னது: "தோத்தா எடுக்கறதுன்னுதானே பேச்சு? யாருந்தான் தோக்கலியே. விதி இருக்கட்டும். எடுத்தீங்கன்னா நான் உங்க வூட்டுப் பக்கமே வரமாட்டேன், ஆமா."

20-4-1987, திங்கள்

பந்தலில் நிற்க இடமில்லை. மிக்கேல் அணியை யார் எடுப்பது என்று தள்ளுமுள்ளு! இரும்பு ஆட்கள் பக்கம் மாதேஸ்வரன், எங்கள் பழைய மாணவன், இப்போது மின்வாரியத்தில் வேலை. ஆட்டம் கடைசிக்கு வந்துவிட்டது, இன்னும் ஓர் உருட்டில் கோட்டைக் கொடி அவனுக்கு. அப்போது மணி அடித்தது. நிஜ மணி. மிக்கேல் அணி நின்றது. மாதேஸ்வரன் கையிலிருந்த கட்டையைப் பார்த்தான், சுற்றி நின்றவர்களைப் பார்த்தான், மெதுவாகக் கீழே வைத்தான். அவன் அணிக்கு அந்த விதியே கிடையாது. மாஸ்டர் எனக்குப் பின்னால் தொண்டையைச் செருமினார்.

மணி ஓய்ந்த பிறகு உருட்டினான். அந்த உருட்டில் பரிசல் சுழலில் மாட்டியது. பந்தலே சிரித்தது, அவனும்தான்.

சாலம்மா, மற்றவர் யார் இதைப் படித்தாலும் சரி: அடுத்த முறை வீட்டில் தாயம் ஆடும்போது, ஜெயிக்கப் போகிற நேரத்தில் கட்டையைக் கீழே வைத்து, ஓர் ஆட்டம் சும்மா நின்று பார்.