ஒன்பதாவது நாடகம்

பினாங்கு,
வியாழக்கிழமை

ஈப்போவில் இன்னும் கோபம் தணியாமல் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் நாடகக் கம்பெனியில் பாட்டெழுதும் சவரிமுத்து அண்ணன் தகரப்பெட்டியோடு நம் வாசலில் வந்து நிற்கிறார். "நான் எழுதலை லா தங்கச்சி, மாதா சத்தியமா!" என்று அழுகிறார். அவரை நீங்கள் விரட்டிவிட்டீர்களாம். சனிக்கிழமை நாகப்பட்டினம் கப்பல் ஏறப்போகிறார்.

அவர் எழுதவில்லை. பினாங்கில் கடைசி ஆட்டத்தன்று, 'ஒரு ரசிகர்' என்று ரோஸ் தாளில் அச்சடித்து மேடையில் வாசித்தார்களே, அந்த வாழ்த்துப்பாட்டை எழுதியது நான்.

ராசா செத்து விழுந்தாலும் ராகம் மட்டும் சாகாது,
ராணி அழுது முடிப்பதற்குள் ரங்கூன் கப்பல் போய்விடும்!

நீங்கள் மெட்டுப் போட்ட ஒன்பது நாடகங்களில் எட்டை இப்படித்தான் புகழ்ந்திருந்தேன். கொட்டகையே சிரித்தது. நீங்கள் மட்டும் ஆர்மோனியத்தை மூடிவிட்டு எழுந்து போனீர்கள்.

சனிக்கிழமைக்குள் அண்ணனைத் திரும்ப வரச்சொல்லித் தந்தி அடியுங்கள். என்னை என்ன செய்வதென்று பிறகு யோசிக்கலாம்.

"எல்லாம் தெரிஞ்சவன் ஒன்பதாவதை ஏன் விட்டான்?" என்று அவரிடம் கத்தினீர்களாம்.

அதில்தான் பபூன் பாட்டு வருகிறது. ஊருக்கு ஊர் 'ஒன்ஸ்மோர்' கேட்கும் பாட்டு. அந்த மெட்டை நீங்கள் முதலில் பாடியது நம் வீட்டுத் தொட்டிலருகே உட்கார்ந்து. பிள்ளை பிறந்த நாலாம் மாதமே அந்தத் தொட்டிலை அவிழ்த்துவிட்டோம்.

அதை வைத்து ஊரைச் சிரிக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கு வந்தது.

இப்படிக்கு,
அந்தத் தொட்டிலைக் கட்டியவள்