மிச்சமிருந்த நுரை மருந்து

அக்கா, நேற்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. என் வீட்டுக்காரருக்கு, உன் கொழுந்தனாருக்கு, காலில் புண் வந்திருக்கிறது. கட்டைவிரலுக்கு அடியில், பெரியவருக்கு வந்த அதே இடம். திருவள்ளூர் டாக்டர் சர்க்கரை என்று சொல்லிவிட்டு, தினமும் கழுவிக் கட்டச் சொல்லி அனுப்பிவிட்டார். பழுப்பு பாட்டிலைத் திறந்து நுரை மருந்தை ஊற்றினேன், சீட்டில் பெராக்சைடு என்று எழுதுவார்களே, அதை. சுர்ரென்று நுரை கிளம்பியது. அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் நீ பக்கத்தில் வந்து குந்திக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. பாதியில் எழுந்து வாசலுக்குப் போனேன், திரும்பி வந்தேன், பஞ்சைத் தேடினேன். பஞ்சு என் கையிலேயே இருந்தது.

"இன்னாடி, தேள் கொட்டுன மாதிரி ஓடிக்கினு கீற?" என்கிறார் உன் கொழுந்தனார். என்னத்தைச் சொல்வது? உன் நினைப்பு வந்தால் மற்றவர்களுக்கு அழுகை வருகிறது. எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு, வேப்பம்பட்டில் ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் பொங்கித் தின்றவர்கள் நாம். உன் வீட்டுக்காரரை நான் பெரியவர் என்றுதான் சொல்வேன். எதிரே நின்று பேசியதே கிடையாது. புண்ணைத் தொட்டால் கத்துவார், தொடாவிட்டாலும் கத்துவார். நீ அவர் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, காது கேட்காதவள் மாதிரி நுரை மருந்தை ஊற்றிக்கொண்டிருப்பாய். ஒரு நாளா, ஒரு மாதமா, வருஷக்கணக்கில் ஊற்றினாய். மருந்து தெறித்துத் தெறித்து உன் முன்கை ரோமம் வெளுத்துப்போய் வெயிலில் மின்னும். "பார்றி, அந்த ஆளு எனக்குப் போட்ட தங்கக் காப்பு" என்று கையை நீட்டிக் காட்டுவாய். அவர் உனக்குப் போட்ட தங்கம் அவ்வளவுதான் என்பது எனக்கும் தெரியும்.

பெரியவர் போனார். காரியம் முடிந்தது. பூ போயிற்று, பொட்டு போயிற்று, கலர் புடவையெல்லாம் பெட்டிக்குள் போயிற்று. அலமாரியில் பாதி பாட்டில் நுரை மருந்து மட்டும் நின்றது. நான் அதைத் தூக்கிப் போடப் போனேன். "வைடி" என்றாய். அவர் ஞாபகத்துக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

சில நாள் கழித்து, வடகம் காயப்போட மாடிக்கு வந்தேன். நீ தலையை விரித்துப்போட்டு உச்சி வெயிலில் உட்கார்ந்திருந்தாய். பக்கத்தில் அந்த பாட்டில், காலியாக. பாதி நரைத்த தலை உனக்கு. நரைக்கு நடுவே இருந்த கறுப்பெல்லாம் அன்றைக்குத் தேங்காய் நார் நிறத்துக்கு வந்திருந்தது. அப்புறம் நீயே மருந்துக் கடைக்குப் போய் வாங்கி வந்தாய். ஊற்ற ஊற்ற, சோளக்கதிர் உச்சியில் தொங்கும் நார் இருக்கிறதே, அந்த நிறம் வந்துவிட்டது. தலையெல்லாம் பொன். ஐம்பதைத் தாண்டிய வயதில்.

"இன்னாக்கா இது?" என்று கேட்டேன்.

"இத்தினி வருசமா அந்த ஆளு புண்ணுக்கு ஊத்திக்கினு இருந்தேன். மிச்சம் இருந்துது. எனக்கு ஊத்திக்கினேன்."

"ஊரு சும்மா வுடுமா?"

"பூ வெக்கக் கூடாதுன்னாங்க, வெக்கல. பொட்டு வெக்கக் கூடாதுன்னாங்க, வெக்கல. மருந்து வெக்கக் கூடாதுன்னு எவனும் சொல்லலையே."

சொல்லிவிட்டுச் சிரித்தாய். அந்த வீட்டுக்குள் நீ வாய்விட்டுச் சிரித்து நான் அதற்கு முன் கேட்டதில்லை.

ஊர் சும்மா விடவில்லைதான். சாயம் அடித்தால் கறுப்பாக அடித்துக்கொள்ளக் கூடாதா என்றார்கள். புருஷன் செத்ததும் புத்தி பிசகிவிட்டது என்றார்கள். ரயிலில் ஒருமுறை டிக்கெட் பார்க்க வந்தவர் உன் பின்தலையைப் பார்த்து, யாரோ துரைசானி என்று நினைத்து இங்கிலீஷில் ஆரம்பித்தார். நீ திரும்பி, "டிக்கெட்டா நைனா? முந்தானையில முடிஞ்சி வெச்சிக்கீறேன், இரு" என்றாய். அந்த மனிதர் முகம் போன போக்கைச் சொல்லிச் சொல்லித் திருவள்ளூர் வரைக்கும் சிரித்தோம்.

சிரிக்காதவன் உன் பிள்ளை தணிகாசலம் ஒருத்தன்தான். கும்மிடிப்பூண்டி பக்கம் இரும்பு ஃபேக்டரியில் சூப்பர்வைசர் ஆன புதிது. பொதட்டூர்பேட்டையில் பெண் பார்த்து எல்லாம் கூடிவந்திருந்தது. பெண் வீட்டார் நம் வீட்டைப் பார்க்க வருவதுதான் பாக்கி. அவன் கத்தவில்லை, பெரியவர் மாதிரி இல்லை அவன். உன் எதிரே உட்கார்ந்து நிதானமாகச் சொன்னான். "திருத்தணிக்குப் போய் மொட்டை போட்டுக்கம்மா. வேண்டுதல்னு சொல்லிக்கலாம். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. இந்தத் தலையோட அவங்க எதிர்ல நீ வந்தா, நான் கும்மிடிப்பூண்டியிலயே ரூம் எடுத்துக்கினு பூடறேன். கல்யாணமும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

நம் பக்கத்தில் மொட்டைத் தலை யார் கண்ணையும் உறுத்தாது. மரியாதை கூடத்தான் செய்யும். எல்லாம் யோசித்துத்தான் பேசினான். நீ சண்டை போடுவாய் என்று பார்த்தேன். "சரிடா" என்று எழுந்து போய்விட்டாய். அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் முடி போனால் என் தலையிலிருந்து எதையோ பிடுங்குகிற மாதிரி இருந்தது. ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

திருத்தணியில் முடி எடுக்கும் கொட்டகை. உன் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு தணிகா வெளியே நின்றான். நீ பலகையில் உட்கார்ந்தாய், நான் உன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முடி எடுப்பவர் சொம்பில் தண்ணீரை எடுத்தவர், உன் தலையைப் பார்த்து அப்படியே நிறுத்திவிட்டார்.

"இன்னாம்மா, தலை இந்தக் கலர்ல கீது? சரி, மொட்டையா, பூமுடியா?"

பூமுடி என்றால் பெண்கள் நுனியில் மூன்று துணுக்கு மட்டும் வெட்டிக் கொடுப்பது. அதற்கும் சாமி சம்மதிக்கிறார். அவர் வாடிக்கையாக எல்லாரையும் கேட்பதைத்தான் உன்னிடமும் கேட்டார்.

"பூமுடி" என்றாய்.

கத்தரிக்கோல் மூன்று முறை பேசியது. தட்டில் இருந்த கறுப்பு முடிகளின் மேல் உன் பொன் துணுக்குகள் விழுந்தன. வெளியே வந்து தணிகாவின் எதிரே நின்றாய். "முருகன் வாங்கிக்கினாருடா. நீ இன்னாத்துக்கு மூஞ்சியத் தூக்கிக்கினு கீற?" என்றாய். அவன் செருப்பைக் கீழே போட்டுவிட்டு பஸ்ஸைப் பார்த்து நடந்துவிட்டான். நீ கூப்பிடவில்லை. மலையேறும்போது மட்டும் என் கையை இறுகப் பிடித்திருந்தாய். பிள்ளை போய்விட்டானே என்ற பயம் அந்தப் பிடியில் இருந்தது. ஆனாலும் தலையை மூடவில்லை.

பெண் வீட்டார் வந்த அன்று அவன் வந்தான். வராமல் எங்கே போவான்? அம்மா அடுப்பங்கரையை விட்டு வெளியே வரக் கூடாது என்று என்னிடம் சொன்னான். நீ காப்பித் தட்டோடு நேராகக் கூடத்துக்கே வந்தாய். பெண்ணின் அம்மா உன்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தலைக்கு இன்னாங்க ஆச்சு?" என்று கேட்டார்.

"எங்க ஊட்டுக்காரர் புண்ணுக்கு ஊத்துன மருந்துங்க. மிச்சம் இருந்துது."

அந்தம்மா காப்பியை எடுத்துக்கொண்டார். "எங்க ஊட்டுலயும் அவருக்குச் சக்கரதான்" என்றார். "டெய்லி நான்தான் கட்டறேன்." அதற்குமேல் யாரும் முடியைப் பற்றிப் பேசவில்லை. கல்யாணம் நடந்தது.

இப்போது என் ஆத்திரத்துக்கு வருகிறேன். போன வருஷம் காய்ச்சலில் ஒரே வாரத்தில் போய்விட்டாய். அந்தக் கல்யாண ஃபோட்டோவிலிருந்து உன்னை மட்டும் பெரிதாக்கி, சட்டம் போட்டு, மாலை போட்டு மாட்டியிருக்கிறான் தணிகா. கறுப்பு வெள்ளை ஃபோட்டோ. அதில் உன் தலை வெறும் வெள்ளையாக இருக்கிறது. ஊரில் எல்லா வீட்டிலும் மாட்டியிருக்கும் சாதாரண நரைத்த தலை. வருகிறவர்கள் "மகராசி, எவ்ளோ அடக்கமா கீறாங்க" என்கிறார்கள். நீ அடக்கமா! எனக்குச் சட்டத்தைக் கழற்றி எறியலாம் போல இருக்கிறது. இன்னும் கொஞ்ச காலம் போனால் அந்த நிறத்தைப் பார்த்தவர்களே இருக்க மாட்டார்கள். என் கண்ணுக்குள் மட்டும்தான் இருக்கும்.

நேற்று பாட்டிலைத் தூக்கி, மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தேன். பார்த்ததும் பகீரென்றது. மிச்சம் பார்ப்பதென்றால் நான் எதைப் பார்க்கிறேன்? அவர் போனபின் மிஞ்சுவதையா? சட்டென்று கீழே வைத்துவிட்டேன். அப்போதிருந்துதான் இப்படி உள்ளுக்கும் வாசலுக்கும் அலைகிறேன். எனக்கும் காதோரம் நன்றாக நரைத்துவிட்டது, அக்கா. உன்னை மாதிரி மிச்சத்துக்குக் காத்திருக்க என்னால் முடியாது. அவர் இருக்க வேண்டும். இதுவும் வேண்டும்.

இன்றைக்குக் கட்டுப் போட்டு முடித்ததும், அவர் எதிரிலேயே உள்ளங்கையில் கொஞ்சம் மருந்தை ஊற்றி முன்தலையில் தேய்த்துக்கொண்டேன். சுருக்கென்று எரிந்தது. அவர் என்னைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார். அண்ணி ஞாபகம் அவருக்கும் வந்திருக்கும். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"மருந்து தீந்துடப் போவுதுடி" என்றார்.

"தீரட்டும். நாளைக்கு ரெண்டு பாட்டிலா வாங்கினு வரேன்" என்று சொல்லிவிட்டு வெயிலுக்கு வந்துவிட்டேன்.