இரண்டாம் மாடி யாருக்கு

அக்டோபர் 9, புதன்

மூட்டம். மழை இல்லை, புழுக்கம் மட்டும். எதிரே உப்பளத்தில் குவியல்களை மூட ஆரம்பித்துவிட்டார்கள். நம் ஏ.சி. யூனிட் மறுபடி துரு. உப்புக் காற்று எதையும் விட்டுவைப்பதில்லை, என் கண்ணாடி ஸ்க்ரூ உட்பட.

பாக்கி: ஃபால்ஸ் சீலிங். லிஃப்ட் சான்றிதழ். இடம் ஒதுக்கத் திங்கள் வரும் ஆய்வுக் குழுவுக்குச் சாப்பாடு (வஞ்சிரம், ஒருவர் சைவம்).

துணைவேந்தர் போன். நம் மருத்துவ ஆராய்ச்சி மையத்தின் இரண்டாம் மாடியை மெயின் கேம்பஸ் சீனியர் பேராசிரியர் ஒருவருக்குக் கொடுக்க வேண்டுமாம். மையத்தின் இயக்குநராக நான் அந்த மாடிக்கு அலைந்ததே, புதிதாக பிஎச்.டி. முடித்த பிள்ளைகள் சொந்தமாக லேப் நடத்தத்தான்.

"சின்னப் பசங்களுக்கு எதுக்கும்மா தனி லேப்? பெரியவர் கீழ இருந்து கத்துக்கட்டுமே."

நானும் அப்படி இருந்தவள். நன்றாகக் கற்றது டீ வாங்கி வருவது. "குழு முடிவு பண்ணட்டும் சார்" என்றேன்.

அக். 10, வியாழன்

நாளை லீவு என்பதால் இன்றே ஆயுத பூஜை. மைக்ராஸ்கோப்புக்குச் சாமந்தி மாலை. சென்ட்ரிஃபியூஜுக்குச் சந்தனப் பொட்டு, என்னைவிட அழகாக. பூசணிக்காயை வாசலுக்கு வெளியேதான் உடைக்க வேண்டும் என்று சண்டை போட்டு ஜெயித்தேன். சுண்டலில் உப்பு இல்லை. உப்பு விளையும் மரக்காணத்தில்!

அக். 11, வெள்ளி

நேற்று எல்லோரும் போன பிறகு எலக்ட்ரீஷியன் ஏழுமலை, மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசரின் சுவிட்சை அணைத்துப் பொட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். உள்ளே, புதிதாக பிஎச்.டி. முடித்த பிள்ளைகளில் ஒருத்தி ஜெனிஃபரின் ரத்த மாதிரிகள் அத்தனையும். உப்பளத் தொழிலாளிகளுக்கு ஏன் இளம் வயதிலேயே சிறுநீரகம் கெடுகிறது என்ற அவள் ஆராய்ச்சியே அதுதான்.

ஃப்ரீசரில் அவளே ஒரு அலாரம் செய்து மாட்டியிருந்தாள். அனுமந்தை சர்ச்சில் பாட்டுப் பயிற்சியில் இருந்தபோது போனில் அடித்திருக்கிறது. தம்பி பைக்கில் பறந்து வந்து சுவிட்சைப் போட்டாள். மைனஸ் அறுபதைத் தாண்டவில்லை. தப்பித்தது.

"கதவைத் திறக்கவேயில்ல மேடம். பாக்கணும்னு கை துடிச்சுது. தெறந்தா குளிர் போயிடும்னு அங்கயே ஒக்காந்துட்டேன்."

லீவு என்றும் பாராமல் காலையில் ஏழுமலை வந்தார். முகம் செத்திருந்தது. "எல்லா மெஷினையும் நிறுத்திட்டோம், இது மட்டும் ஓடிக்கினே இருந்துச்சு மேடம். வருசம் பூரா உழைக்குது, பூஜைக்காவது ரெஸ்ட் குடுக்கலாம்னு..."

அவரை எப்படித் திட்டுவது? ஃப்ரீசரின் மேல் எங்களில் யாரும் ஒரு சீட்டுகூட ஒட்டவில்லையே.

அக். 12, சனி

விஷயம் மெயின் கேம்பஸ் வரை போய்விட்டது. து.வே. மறுபடி: "பாத்தீங்களா, சின்னப் பசங்க கையில குடுத்தா இதான்."

குழு இதைத்தான் பிடித்துக்கொள்ளும். பிள்ளைகளின் மாடி போச்சு என்றே நினைத்தேன். கோபத்தில் கோழிக் குழம்பில் இரண்டு தடவை காரம் போட்டேன்.

அக். 14, திங்கள்

காலையிலிருந்து நல்ல மழை. குழுவின் கார் ஈ.சி.ஆரில் மாட்டி, பசியோடு வந்து சேர்ந்தார்கள். முதலில் வஞ்சிரம், பிறகு விசாரணை. நல்ல வரிசை.

தலைவி, கறாரான அம்மாள், உட்கார்ந்ததுமே கேட்டார்: "ஃப்ரீசர் நின்னுடுச்சாமே?"

இளையவர்களுக்குப் பதிலாகப் பெரியவர் எழுந்து பேசுவது நம் வழக்கம். நானும் பாதி எழுந்துவிட்டேன். ஜெ. என் கையைத் தொட்டாள். "நான் சொல்றேன் மேடம்." உட்கார்ந்தேன்.

வெப்பநிலைக் கோட்டைத் திரையில் போட்டாள். ஏறிய இடம், அலாரம் அடித்த இடம், இறங்கிய இடம். ஒன்றையும் மறைக்கவில்லை. ஏழுமலை பெயரையும் இழுக்கவில்லை. "இதைப் பழக்கம்னு சொல்லுங்க, தப்புன்னு வேணாம். பழக்கத்துக்கு ஏத்த மாதிரி லேப் இல்லாததுதான் எங்க தப்பு."

தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "எங்க பெரிய லேப்ல இப்படி ஆனப்ப எங்களுக்கு மறுநாள்தான் தெரிஞ்சுது."

கையெழுத்துப் போட்டுவிட்டே கிளம்பினார்கள். இரண்டாம் மாடி முழுக்க இளையவர்களுக்கு. முதல் லேப் ஜெனிஃபருக்கு. மழையில் நனைந்துகொண்டு அழுதேன், யாருக்கும் தெரியாது. சந்தோஷம் தாங்கவில்லை.

அக். 16, புதன்

மழை விட்டது. சீலிங் முடிந்தது. லிஃப்ட் இன்னும் இல்லை, போகட்டும்.

து.வே. போன், குரலில் தேன். சீனியருக்கு இரண்டாம் மாடியில் ஒரு மூலையில் ஒரு டேபிளாவது வேண்டுமாம்.

"எனக்கு அதிகாரம் இல்லீங்க சார். இப்ப அது சின்னப் பசங்க மாடி, ஜெனிஃபரைத்தான் கேக்கணும்."

கேட்டேன். பிப்பெட்டைக் கீழே வைக்காமலே யோசித்தாள்.

"அப்ளிகேஷன் போடச் சொல்லுங்க மேடம்."