இல்லாத நாய்கள்

டிசம்பர் 28, ஞாயிறு

பனி. 4.40க்குக் கதவைத் திறந்தால் எதிர்வீடு தெரியவில்லை. இவர் போர்வைக்குள்ளிருந்து, "போய்த்தான் ஆகணுமா?" போய்த்தான் ஆக வேண்டும். செல்வி மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட் வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கி எனக்காக நின்றுகொண்டிருப்பாள்.

புது டைரி முன்னதாகவே கைக்கு வந்துவிட்டது, ஆகவே ஒழுங்காக ஆரம்பிக்கிறேன். இன்று ரிங் ரோட்டில் 24 கி.மீ. செல்விக்கு வலது மணிக்கட்டு, எனக்கு இடது, நடுவில் ஒரு முழ நாடா. வண்டி வரும் பக்கம் எப்போதும் நான். அவளுக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. வங்கியில் கிளார்க், வயது 32. எனக்கு 46, பள்ளிக்கூடத்தில் லேப் அசிஸ்டண்ட். பீக்கர் உடையாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. இந்த ரோட்டு வேலைக்கு அது எவ்வளவோ மேல்.

சொல்ல வேண்டியவை: வேகத்தடை (இனி வே.த.), பள்ளம், மணல், சாணி, பஸ், நாய்.
சொல்லக் கூடாதது: ஐயோ.

முதல் வாரமே செல்வி சொல்லிவிட்டாள். "பள்ளம்னா பள்ளம்னு சொல்லுங்கக்கா. ஐயோன்னா நான் எங்கிட்டுத் தாண்டுறது?" அதற்கடுத்த வாரம் ஒரு மாட்டைப் பார்த்த பதற்றத்தில் எங்கள் வீட்டுப் பேச்சான சௌராஷ்டிரத்தில் 'நில்' என்று கத்தினேன், அவள் நேராக மாட்டின் மேலேயே போய் இடித்தாள். மாடு நல்ல மாடு.

18வது கி.மீ.யில் வலது முட்டியில் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்து ஐஸ். மாடிப்படியில் பக்கவாட்டாக இறங்கினேன். பந்தயத்துக்கு இன்னும் ஐந்து ஞாயிறு. 42 கி.மீ.

ஜனவரி 1, வியாழன்

பள்ளி விடுமுறை. சட்டினி கருகியது. காரணம் முட்டி. நின்றால் வலி இல்லை, நடந்தால் இல்லை, ஓடுவதை நினைத்தாலே வலிக்கிறது.

செல்வி போன். "ஹேப்பி நியூ இயர்க்கா. பிராஞ்சுல அம்புட்டுப் பேருக்கும் சொல்லிட்டேன், இந்த வருசம் ஃபுல் மாரத்தான்னு. கேக்கு வெட்டப் போறாகளாம்." சிரித்தேன். போனை வைத்துவிட்டு முட்டிக்கு ஐஸ் எடுத்தேன்.

ஜனவரி 4, ஞாயிறு

எழுதவே கூச்சமாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன், யார் படிக்கப் போகிறார்கள்.

28 கி.மீ. இருபதைத் தாண்டியதும் முட்டிக்குள் யாரோ ஸ்க்ரூ முறுக்குவது மாதிரி. செல்வி நல்ல வேகத்தில். "இன்னைக்குக் கால் நல்லா வருதுக்கா, நிக்காமப் போயிருவோம்." என்னால் முடியவில்லை. முடியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "முன்னால நாய். நாலஞ்சு நிக்குது. நடந்திருவோம்" என்றேன்.

ரோடு காலி. பிளாஸ்டிக் ஷீட் போர்த்திய இளநீர் வண்டி ஒன்று, அவ்வளவுதான்.

சின்ன வயதில் நாய் கடித்துத் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டவள் செல்வி. நாடாவை விட்டு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை ஈரம். இருநூறு அடி நடந்தோம். முட்டி ஆறியது. "போயிருச்சு, வா" என்றேன்.

ஜனவரி 6, செவ்வாய்

ஏன் சொல்லவில்லை? சொன்னால் அவளுக்கு ஆள் இல்லை. ஓட்டக்காரர்கள் குரூப்பில் 'கூட ஓட ஒரு பெண் வேண்டும்' என்று அவள் போட்ட செய்தி மூன்று வாரம் அப்படியே கிடந்தது. கடைசியில் கை தூக்கியவள் நான்.

இது பாதி உண்மை. மீதி: 'நீங்க இல்லாட்டி நடக்காதுக்கா' என்று என்னிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. வீட்டில் நான் இல்லாவிட்டால் எல்லாம் நடக்கும், காபி கொஞ்சம் தாமதமாக.

ஜனவரி 9, வெள்ளி

பிசியோதெரபி. அந்தப் பெண் முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்தாள். "இருபத்தொண்ணு வரைக்கும் ஓடுங்க மேடம், நடுநடுவுல நடந்துக்குங்க. நாப்பத்திரண்டு வேண்டவே வேண்டாம்."

வெளியே வரும்போது செல்வி போன். "எங்கக்கா இருக்கீங்க, ஒரே சத்தமா இருக்கு?" "பல் டாக்டர்ட்ட." ஒரு பொய்க்குத் துணைக்கு இன்னொன்று.

வாங்க வேண்டியது: ஐஸ் பை, முட்டிப் பட்டை, வெல்லம் 1 கிலோ.

ஜனவரி 11, ஞாயிறு

30 கி.மீ. நாய் மூன்று முறை. மூன்றாவது முறை செல்விக்கு உடம்பே நடுங்கியது. நான் என்ன மனுஷி.

கடைசியில் தண்ணீர் குடித்துக்கொண்டே, "அப்பாட்ட சொல்லப் போறேன். கம்போட வருவாரு" என்றாள். வேண்டாம், பொங்கல் வேலை இருக்கும், கரும்பு வெட்டு இருக்கும், என்னவெல்லாமோ சொன்னேன். "அம்புட்டு நாய் இருக்கயில எப்பிடிக்கா சும்மா விடுறது? எனக்கு மட்டுமா, உங்களுக்கும்தான பயம். உங்க மூச்சே மாறுதுல்ல."

மூச்சு மாறியது வலியில். சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஜனவரி 13, செவ்வாய்

செல்வி அப்பா வந்துவிட்டார். அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து நாலு மணிக்கே பைக்கில் கிளம்பி, தலையில் மப்ளர், பின்சீட்டில் ஆளுயரக் கம்பு. "நீங்க பாட்டுக்கு ஓடுங்க டீச்சரம்மா, நான் முன்னால போறேன்." பள்ளிக்கூடத்தில் வேலை என்றால் எல்லாரும் டீச்சர்தான்.

காலி ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டே போனார். புதர் கண்ட இடத்திலெல்லாம் இறங்கி ஒரு தட்டுத் தட்டினார். 12 கி.மீ. ஒரு நாய் இல்லை. நான் ஒவ்வொரு புதரையும் பார்த்து, ஒரு குட்டியாவது வந்துவிடாதா என்று வேண்டிக்கொண்டே ஓடினேன்.

டீக்கடையில் கேட்டேவிட்டார். "இங்கிட்டு நாய்க் கூட்டம் எங்கண்ணே?"

"நாயா? இந்த ரோட்டுலயா? இருபது வருசமாக் கடை வச்சிருக்கேன்ணே."

செல்வி அப்பா என்னைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார், பிறகு முட்டியை. பெஞ்சில் காலை நீட்டி வைத்திருந்தேன், பட்டை வெளியே தெரிந்தது. மகள் பக்கம் திரும்பி, "கம்பப் பாத்துட்டு எல்லாம் ஓடிருச்சு தாயி" என்றார்.

எனக்காக அவர் பொய் சொன்னார். அதுதான் தாங்கவில்லை. சொல்லிவிட்டேன். நாய் இல்லை, ஒரு நாளும் இல்லை, முட்டி வலி, பிசியோதெரபிப் பெண் 42 கூடாது என்றது, பல் டாக்டர் இல்லை, எல்லாம்.

செல்வி கையில் டீ டம்ளர். குடிக்கவில்லை, வைக்கவும் இல்லை.

"நடக்கணும்னு சொல்லிருந்தா நடந்திருப்பேன்ல" என்றாள். டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டு, "இனிமே நீங்க பள்ளம்னு சொன்னா நான் தாண்டணுமா, வேண்டாமா?"

பைக்கில் ஏறிவிட்டாள். அவள் அப்பா மட்டும், "வாரேன் டீச்சரம்மா."

ஜனவரி 15, வியாழன்

பொங்கல் பொங்கியது. சொந்தக்காரர்கள் ஒன்பது பேர். எல்லாரும் ஏன் நொண்டுகிறாய் என்று கேட்டார்கள். பார்க்கிறவர்களுக்கெல்லாம் தெரிகிறது. செல்வியால் பார்க்க முடியாது என்பதை வைத்துத்தான் நான் பிழைத்திருக்கிறேன். இதை எப்படி எழுதினாலும் அசிங்கமாகத்தான் இருக்கிறது.

அவளுக்கு மெசேஜ் மூன்று முறை அடித்து அழித்தேன். அவள் போன் எல்லாவற்றையும் படித்துக் காட்டும். என் மன்னிப்பை அந்த மெஷின் குரல் வாசிக்க வேண்டாம்.

ஜனவரி 18, ஞாயிறு

ஓடவில்லை. 4.20க்கு விழிப்பு மட்டும் வந்தது. இவர் எழுந்து, எதுவும் கேட்காமல் காபி போட்டுத் தந்தார். சர்க்கரை இல்லை. சொல்லவில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

மத்தியானம் செல்வி போன். லேபில் ஆசிட் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு எடுத்தேன்.

"இருபத்தொண்ணு வரைக்கும் நீங்க. அதுக்கப்பறம் ரேவதின்னு ஒருத்தர், காலேஜ்ல பி.டி. டீச்சர், எங்க மேனேஜருக்குச் சொந்தம். பந்தயத்துல ஆள் மாறிக்கலாமாம், கேட்டுட்டேன். சரியா?"

"சரி."

"முட்டி எப்பிடி இருக்கு?"

"வலிக்குது."

"ம்." வைத்துவிட்டாள். ஆபீஸ் குரல். பாஸ்புக்கைக் கவுன்ட்டரில் நீட்டுகிறவர்களிடம் பேசும் குரல்.

ஜனவரி 25, ஞாயிறு

18 கி.மீ. ரேவதி முப்பது வயது, மான் மாதிரி. முதல் ஒன்பது நான், அடுத்த ஒன்பது அவள். நான் வே.த. என்று சொன்னால் செல்வியின் கால் அரை நொடி நிற்கிறது, பிறகுதான் தூக்குகிறது. பதினாறு முறை சொன்னேன், பதினொரு முறை அப்படி. ரேவதி சொன்னால் உடனே தாண்டுகிறாள். பின்னால் இவர் ஸ்கூட்டரில் உட்கார்ந்து எண்ணினேன். பொறாமை. எந்த முகத்தோடு பொறாமை?

"முட்டி வலிக்குது, நடக்கணும்" என்று இரண்டு முறை சொன்னேன். நடந்தாள். மூன்று சொல். இதற்குப் போய் ஒரு ரோடு முழுக்க நாயை நிறுத்தினேன்.

ஜனவரி 31, சனி

நாளை பந்தயம்.

இவரை ஸ்கூட்டரில் 21லிருந்து 42 வரை ஓட்டச் சொல்லி, முழுப் பாதையையும் சின்ன நோட்டில் எழுதினேன். என் பகுதி இல்லை, தெரியும். "ரோட்டைக் கணக்கெடுக்க உன்னை யாரு வேலைக்கு வச்சா?" என்று முணுமுணுத்தவர், பாலத்துக்கு அப்பால் தானே இறங்கி ஒரு பள்ளத்தைச் செருப்புக்காலால் அளந்தார். "ரெண்டு அடின்னு போடு."

பிப்ரவரி 1, ஞாயிறு. காலை 7.50

21வது கி.மீ. பலகைக்குக் கீழே உட்கார்ந்து, அந்தச் சின்ன நோட்டிலேயே எழுதுகிறேன். முட்டியில் ஐஸ். யாரோ தந்த வாழைப்பழம் மடியில்.

3 மணி 5 நிமிடம். மூன்று முறை நடந்தோம். மூன்று முறையும் வாயால் கேட்டேன்.

ரேவதி குதித்துக்கொண்டு தயாராக நின்றாள். நாடா முடிச்சு வியர்வையில் இறுகி, பல்லால் அவிழ்த்தேன். நோட்டை எடுத்து ரேவதியிடம் சொல்ல ஆரம்பித்தால், செல்வி தண்ணீர்ப் பாட்டிலை நீட்டித் தடுத்தாள்.

"அவுகட்ட வேணாம். என்ட்ட சொல்லுங்க."

சொன்னேன். 23வது கி.மீ.யில் அடுத்தடுத்து இரண்டு வே.த. பாலத்து ஏற்றத்தில் இடது ஓரம் மணல். அப்பால் பள்ளம், இரண்டடி அகலம். இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. பின்னால் ஆட்கள் ஓடிப் போய்க்கொண்டிருந்தார்கள். படித்தேன்.

"முப்பத்தி மூணுல கறிக்கடை வரிசை. அங்க நாய் இருக்கு. நேத்து ஏழு."

செல்வி பாட்டிலை மூடினாள். திருகித் திருகி மூடினாள்.

"நடக்கணுமா?"

"நடக்கணும்."

"சரிக்கா, நடந்துக்கிறேன்" என்று சொல்லி, ரேவதி பக்கம் கையை நீட்டினாள்.