இரண்டாவது சரணம்

மார்ச் 3
பாட்டுக் குழுவை விட்டு வந்து நாற்பது நாள். பதினோரு வருடம் மூன்று பெண்களில் ஒருத்தியாக நின்று, எவனோ எழுதிக் கொடுத்ததைச் சிரித்துக்கொண்டே பாடினேன். இன்று என் வரி, என் மெட்டு, நான் மட்டும். ஒரே டேக்கில் முடித்தேன். ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "இன்னொரு டேக் வேணாம்மா" என்றார்.

மார்ச் 5
பாட்டை வெளியிடப்போகும் கம்பெனிக்காரர் முதல் சரணம்வரை தலையாட்டினார். இரண்டாவதில் புருஷன் அறைகிறான்; அவள் அழுதுகொண்டே பெட்டியோடு வெளியேறுகிறாள். பாட்டை நிறுத்திவிட்டார்.
"இது வேணாம்மா. அங்க ஒரு ஆண் குரல் போடுவோம். அவன் மன்னிப்பு கேக்கட்டும், நீ திரும்பி வந்துடு. டூயட்டாயிடும்."
திரும்பி வரணுமாம்! எதுக்கு, இன்னொண்ணு வாங்கிக்கவா? வாயில் நல்லா வந்தது.

மார்ச் 6
முடியாது. முடியவே முடியாது.

மார்ச் 11
"அந்தச் சரணம் இல்லன்னா பாட்டும் இல்ல, நானும் இல்ல." ஒப்பந்தத்தை மேசைமேல் போட்டுவிட்டு எழுந்தேன். "சரிம்மா, சரணம் இருக்கட்டும்" என்று மனிதர் லிப்ட்வரை ஓடிவந்தார். ஜெயித்துவிட்டேன்!

மார்ச் 12
அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன். தைத்துக்கொண்டே கேட்டவள், இரண்டாவது சரணத்தில் மெஷினை நிறுத்தினாள்.
"இது என் கதைடி."
"உனக்காகத்தான்க்கா..."
"என்னைக் கேட்டியா? அவருக்கு வெளியூர்ல வேலைன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். அடிச்சாருன்னு உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன். நீ அதுக்கு மெட்டு போட்டுட்டே!"
எனக்கும் கோபம் தலைக்கேறியது. பயந்தாங்கொள்ளி என்று கத்திவிட்டு வந்தேன்.

மார்ச் 13
தூக்கமில்லை. என் வரியைக் கேட்காமல் மாற்றப் பார்த்தார் என்று அந்த ஆளிடம் அத்தனை குதி குதித்தேனே. நான் அவள் வாழ்க்கையையே கேட்காமல் எடுத்திருக்கிறேன். என்மேல்தான் எரிச்சலாக வருகிறது. சே!

மார்ச் 14
சரணத்தை எடுத்துவிடச் சொன்னேன். கம்பெனிக்காரருக்கு வாயெல்லாம் பல். "இப்பவாவது புத்தி வந்துச்சே." பல்லைக் கடித்துக்கொண்டேன். 'எடுத்துட்டேன்க்கா, மன்னிச்சுடு' என்று அவளுக்குச் செய்தி அனுப்பினேன். 

மார்ச் 17
அக்கா ஸ்டுடியோவுக்கே வந்து நின்றாள்.
"யாருடி எடுக்கச் சொன்னா?"
"நீதானேக்கா..."
"ஏன் கேக்கலன்னுதான் கேட்டேன். எடுன்னு சொன்னேனா? அதுல இருக்கற பொய்யை எடு. நான் எங்கடி அழுதேன்? நான் எதுக்கு வீட்டை விட்டுப் போகணும்? அவர் பெட்டியைத் தூக்கி வெளிய வெச்சேன். கதவைச் சாத்திட்டு வயிறு முட்டச் சாப்பிட்டேன். அதைப் பாடு."
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கம்பெனிக்காரர் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார். ஒலிப்பதிவாளர் திரும்பியே பார்க்காமல் பதிவை ஓடவிட்டார். அக்கா சொன்னதை அப்படியே பாடினேன்.
முடித்துவிட்டு வெளியே வந்தபோது, அவள் நடைவழியில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தாள்.
"அம்மா, தங்கச்சி பாட்டு ஒண்ணு வருது. அதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். உக்காந்திருக்கியா?"